ஆற்று வெள்ளத்தின் போக்கு மாறுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கட்சி கிளம்பும். "எல்லாம் காலநிலை மாற்றம்" என்பது ஒன்று. "தாத்தா காலத்திலேயே இதைவிடப் பெரிசு வந்திருக்கு" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருப்பதால்தான் சண்டை ஓய்வதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உலகம் முழுக்க ஆற்று வெள்ளம் கூடிவிட்டதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சில ஆறுகளில் கூடியிருக்கிறது, சில ஆறுகளில் குறைந்திருக்கிறது. மழுப்பல் போலத் தெரியும், ஆனால் விஷயமே அதுதான். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு, அதாவது ஐபிசிசி, 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது: கனமழை கூடுவது தெளிவு, ஆனால் உலகத்து ஆறுகளை மொத்தமாக எடுத்துக்கொண்டால் உச்ச ஓட்டம், அதாவது வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போது நொடிக்கு ஓடும் நீரின் அளவு, எங்கும் கூடுகிறது என்றோ எங்கும் குறைகிறது என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது.

நல்ல உதாரணம் ஐரோப்பா. அங்கே பதிவேடுகள் நீளமாகவும் ஒழுங்காகவும் இருக்கின்றன. 1960 முதல் 2010 வரை 3,700-க்கும் மேற்பட்ட அளவு நிலையங்களின், அதாவது ஆற்று நீரை அளந்து குறிக்கும் இடங்களின், பதிவை அலசிய ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. வடமேற்கில் வெள்ளத்தின் அளவு சில இடங்களில் பத்தாண்டுக்குச் சுமார் 11 சதவீதம் வரை ஏறியிருக்கிறது. தெற்கிலும் கிழக்கிலும் சில இடங்களில் பத்தாண்டுக்கு 23 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. வடமேற்கில் இலையுதிர், குளிர்கால மழை வலுத்தது. தெற்கில் மழை குறைந்து ஆவியாவது கூடியது. கிழக்கில் பனி குறைந்தது. ஒரே கண்டம், ஒரே ஐம்பது ஆண்டு, ஒரே வெப்பமேற்றம். விடை மட்டும் எதிரெதிர்.

சரி, கனமழை கூடுகிறது என்பதாவது உறுதியா?

உறுதி. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த இயற்பியல். மேகம் கொட்டும்போது அந்தக் கூடுதல் நீரும் சேர்ந்து கொட்டுகிறது. ஐபிசிசி கணக்கில், 1850–1900 காலத்தில் பத்தாண்டுக்கு ஒரு தடவை பெய்த ஒரு நாள் கனமழை இப்போது 1.3 மடங்கு அடிக்கடி வருகிறது. வெப்பமேற்றம் 2 டிகிரியைத் தொட்டால் அது 1.7 மடங்கு, 4 டிகிரியைத் தொட்டால் 2.7 மடங்கு.

மொத்த மழை குறைந்துகொண்டிருக்கும்போதே கனமழை கூடலாம் என்பதையும் கவனியுங்கள். மத்திய இந்தியாவில் 1950-க்கும் 2015-க்கும் இடையே, பரவலாகக் கொட்டித் தீர்க்கும் மழை நாட்கள் சுமார் மூன்று மடங்காகின. அதே காலத்தில் அங்கே பருவமழையின் மொத்த அளவு குறைந்தது. முன்பு ஆற அமரப் பெய்தது இப்போது மொத்தமாக ஊற்றிவிட்டுப் போகிறது.

மழை கூடினால் வெள்ளமும் கூடத்தானே வேண்டும்?

எல்லோரும் இடறி விழும் இடம் இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது பெய்யும் மழை ஒரே ஆற்றுக்கு வடியும் நிலம். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மொத்தம் 1 கோடி கன மீட்டர் நீர். மண் 60 மில்லிமீட்டரைக் குடித்துவிடுகிறது என்று வையுங்கள். மிச்சம் 40 மில்லிமீட்டர் ஆற்றுக்குப் போகிறது.

இப்போது மழை 7 சதவீதம் கூடி 107 ஆகிறது. மண் அதே 60-ஐத்தான் குடிக்கும். ஆற்றுக்கு 47 போகிறது. மழை கூடியது 7 சதவீதம், ஆற்றுக்குப் போனதோ கிட்டத்தட்ட 18 சதவீதம் கூடிவிட்டது.

அதே 107 மில்லிமீட்டர், ஆனால் கோடை நீண்டு மண் வறண்டு கிடக்கிறது. வெறும் பத்து மில்லிமீட்டர் அதிகமாக, 70 குடிக்கிறது. ஆற்றுக்கு வருவது 37. மழை கூடியும் வெள்ளம் குறைந்துவிட்டது!

நிஜ ஆறு இவ்வளவு நேர்த்தியாக நடந்துகொள்ளாது. இறுகிப்போன வறண்ட மண்ணில் கொஞ்ச நேரத்துக்குள் கொட்டும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஆனாலும் விஷயம் இதுதான்: வெள்ளத்தைத் தீர்மானிப்பதில் மேகத்துக்கு எவ்வளவு பங்கோ, மழைக்கு முந்தின நாள் மண் எப்படி இருந்தது என்பதற்கும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு. ஆஸ்திரேலிய ஆறுகளில் அடிக்கடி வரும் சிறு வெள்ளங்கள் குறைவதும் அபூர்வமான பெரு வெள்ளங்கள் பெருப்பதும் சேர்ந்தே தெரிகின்றன. சிறு மழையை வறண்ட மண் விழுங்கிவிடுகிறது. பேய்மழைக்கு முன்னால் எந்த மண்ணும் நிற்பதில்லை. நீர்த்தேக்கத்தை நிரப்புவது பெரும்பாலும் அந்தச் சிறு வெள்ளங்கள்தான் என்பதால் அங்கே இரண்டு பக்கமும் நட்டம்.

வெள்ளம் வரும் பருவமும் மாறுகிறதா?

மாறுகிறது. அளவைவிடத் தேதியில்தான் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். ஐரோப்பாவில் 38 நாடுகளின் 4,000-க்கும் மேற்பட்ட நிலையங்களைப் பார்த்த 2017-ஆம் ஆண்டு ஆய்வில், வடகிழக்குப் பகுதியின் பாதி நிலையங்களில் வெள்ளம் ஐம்பதாண்டில் எட்டு நாளுக்கும் மேல் முன்னால் வந்திருந்தது. வெப்பம் கூடுவதால் பனி முன்கூட்டியே உருகுகிறது. வட கடலை ஒட்டிய பகுதிகளிலோ தலைகீழ்: குளிர்காலப் புயல்கள் தள்ளிப்போனதால் வெள்ளமும் தள்ளிப்போயிற்று.

பனி சேரும் மலைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. பனியாக விழ வேண்டியது மழையாக விழுகிறது. பனி என்பது ஆகாயம் போட்டு வைக்கும் வைப்புத்தொகை மாதிரி; வசந்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மழை அப்படிக் காத்திருக்காது. ஏற்கெனவே படிந்திருக்கும் பனியின் மேல் வெதுவெதுப்பான மழை விழுந்தால், மழையும் உருகிய பனியும் சேர்ந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

வெப்பமேற்றத்தால் குறைந்துபோன வெள்ளம் ஏதாவது உண்டா?

உண்டு, பனிக்கட்டி அடைப்பு வெள்ளம். குளிர்நாட்டு ஆறுகளில் உறைந்த மேற்பரப்பு உடைந்து, பெரிய பெரிய கட்டிகள் வளைவிலோ பாலத்தடியிலோ சிக்கித் தற்காலிக அணைபோல நின்றுவிடும். பின்னால் நீர் ஏறும். மத்திய ஐரோப்பாவின் எல்பா, ஓடர் ஆறுகளில் குளிர்கால வெள்ளங்கள் குறைந்ததற்கு, ஆறு முன்போல உறைவதில்லை என்பது ஒரு முக்கியக் காரணம்.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறாண்டுக்கு ஒரு முறைதானே? பத்தாண்டுக்குள் இரண்டு வந்துவிட்டதே!

இந்தப் பெயரை வைத்தவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதன் பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பது மட்டுமே. ஒரு குடத்தில் நூறு சீட்டு, ஒன்று மட்டும் சிவப்பு. ஆண்டுக்கொரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குடத்திலேயே போடுகிறோம். அடுத்தடுத்த ஆண்டுகளில் சிவப்பு வருவதைத் தடுக்க ஒன்றுமில்லை. முப்பது ஆண்டில் ஒரு தடவையாவது சிவப்பு வர 26 சதவீத வாய்ப்பு. நூறு ஆண்டில் 63 சதவீதம். அதாவது நூறாண்டு காத்திருந்தும் வராமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு.

காலநிலை மாற்றம் இதில் எங்கே வருகிறது? நாம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே யாரோ குடத்துக்குள் சீட்டுகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சில குடங்களில் சிவப்பு கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது. பாலத்தின் உயரம், கரையின் உயரம், காப்பீட்டுத் தொகை எல்லாம் பழைய குடத்தை எண்ணிப் போட்டவை.

அந்தப் பழைய எண்ணிக்கையே எவ்வளவு நம்பகம்?

ஆற்றங்கரையில் அல்லது பாலத்தின் தூணில் மீட்டரும் சென்டிமீட்டரும் குறித்த அளவுப் பலகை ஒன்று இருக்கும். அது மட்டத்தை மட்டும் சொல்லும். நொடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க, பாலத்திலிருந்தோ படகிலிருந்தோ ஓட்டமானியை நீருக்குள் இறக்கி, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் வேகம் பார்த்து, ஒவ்வொன்றையும் ஆழத்தோடும் அகலத்தோடும் பெருக்கிக் கூட்ட வேண்டும். பல நாள் இப்படி அளந்து, "மட்டம் இது என்றால் ஓட்டம் இது" என்று ஒரு வளைகோடு வரைந்து வைத்துக்கொள்வார்கள். அப்புறம் மட்டத்தைப் பார்த்தாலே ஓட்டத்தைச் சொல்லிவிடலாம்.

இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் மட்டத்தில் கோடு நன்றாகப் பொருந்தும். மரமும் கூரையும் மிதந்து வரும் ராத்திரியில் பாலத்தின் மேல் நின்று யார் ஓட்டமானியை இறக்குவது? ஆகவே எந்த எண் நமக்கு மிகத் தேவையோ அது பெரும்பாலும் அளந்து வந்ததில்லை, கோட்டை மேலே நீட்டி யூகித்தது. போதாக்குறைக்கு வெள்ளம் அடிமணலை அரித்துக்கொண்டு போனால் கோட்டையே புதிதாக வரைய வேண்டும்.

ஜெர்மனியின் ஆர் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அல்டெனார் நிலையத்தில் பதிவு 1946-இல்தான் தொடங்குகிறது. அதில் உச்சம் 2016-இல் வந்த 3.71 மீட்டர். 2021 ஜூலை 14 மாலை நீர் அதைத் தாண்டி, 5 மீட்டரையும் தாண்டி ஏறியது. பிறகு தகவல் வரவில்லை. நிலையத்தையே ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. சுவர்களில் படிந்த சேற்றுத் தடத்தை வைத்துப் பின்னால் மதிப்பிட்டபோது உச்சம் 10 மீட்டர் அளவில் இருந்திருக்கும் என்று தெரிந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இதில் என்னை உறுத்துவது வேறு. அதே ஆற்றில் 1804-லும் 1910-லும் பயங்கர வெள்ளம் வந்தது எழுத்தில் இருக்கிறது. அளவு நிலையம் அப்போது இல்லை என்பதால் அவை புள்ளிக்கணக்கில் சேரவில்லை. அபாய வரைபடங்கள் அந்தக் கணக்கை வைத்தே வரையப்பட்டன.

அப்படியென்றால் தாத்தா சொன்னது சரிதானே? முன்பும் வந்திருக்கிறது!

வந்திருக்கிறது, சந்தேகமில்லை. ஐரோப்பிய ஆவணங்களை வைத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. வெள்ளம் மலிந்த காலங்கள் பல தடவை வந்து போயிருக்கின்றன. 1990-க்குப் பிந்தைய முப்பதாண்டு அவற்றில் மிகக் கடுமையானவற்றுள் ஒன்று. வித்தியாசம் ஒன்று உண்டு: பழைய வெள்ளக் காலங்கள் வழக்கத்தைவிடக் குளிர்ந்த காலங்களில் வந்தன, இப்போதையது வழக்கத்தைவிட வெப்பமான காலத்தில் வந்திருக்கிறது. தாத்தா காலத்து வெள்ளத்தை வைத்து இந்தக் காலத்து வெள்ளத்தை அளக்க முடியாமல் போவது இதனால்தான்.

குறிப்பிட்ட ஒரு வெள்ளத்தைக் காட்டி 'இது காலநிலை மாற்றத்தால் வந்தது' என்று சொல்ல முடியுமா?

'ஆல்' என்று சொல்ல முடியாது. 'வாய்ப்பு எவ்வளவு கூடியது' என்று சொல்லலாம். கணினி மாதிரியில் இன்றைய உலகத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு, மனிதன் வெளியிட்ட கரியமில வாயு இல்லாத ஒரு கற்பனை உலகத்தையும் அதேபோல ஓட்டுவார்கள். இரண்டிலும் அந்த மழை எத்தனை தடவை வருகிறது என்று ஒப்பிடுவார்கள். 2000-ஆம் ஆண்டு இங்கிலாந்து வெள்ளத்துக்குத் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் இப்படி ஓட்டிப் பார்த்தார்கள். அபாயம் கூடியிருப்பது பெரும்பாலான ஓட்டங்களில் தெரிந்தது.

2021 ஜெர்மனி, பெல்ஜியம் வெள்ளத்தின் மழைக்கு வாய்ப்பு 1.2 முதல் 9 மடங்கு வரை கூடியிருக்கலாம் என்று வந்தது. இடைவெளி எவ்வளவு அகலம் பாருங்கள். அந்த அகலத்தை மறைக்காமல் சொல்வதால்தான் இந்த வேலையை நம்புகிறேன். 2015 டிசம்பரில் சென்னையில் பெய்த மழையை இதே முறையில் ஆராய்ந்தபோது புவி வெப்பமேற்றத்தின் பங்கு தெளிவாகத் தெரியவில்லை. "தெரியவில்லை" என்ற விடையையும் தரக்கூடியதுதான் ஒழுங்கான சோதனை.

வானத்தின் மேல் பழி போட்டுவிட்டு மனிதன் தப்பிக்கிறானோ?

பல நேரம் அதுதான் நடக்கிறது. மிசிசிப்பி ஆற்றின் ஓரத்து ஏரிப் படிவுகளையும் மர வளையங்களையும் வைத்து ஐந்நூறாண்டு வெள்ள வரலாற்றை 2018-இல் மீட்டெடுத்தார்கள். நூறாண்டு வெள்ளத்தின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. அதில் முக்கால் பங்குக்குக் காரணம் ஆற்றை நேராக்கி, இரு பக்கமும் கரை போட்டுக் குறுக்கியது. 2008 ஆகஸ்டில் கோசி ஆறு நேபாளத்தில் கரையை உடைத்துக்கொண்டு பீகாரில் சுமார் 120 கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் புதுத் தடத்தில் ஓடியது. அன்று ஆற்றில் ஓடிய நீர், அந்தக் கரை தாங்க வேண்டிய அளவைவிட வெகு குறைவு. கரைகளுக்கு நடுவே பல பத்தாண்டாக வண்டல் படிந்து ஆற்றின் அடியே மேடாகியிருந்தது.

வெள்ளம் மாறாமல் இருந்தாலும் சேதம் கூடும், ஏனென்றால் நாம் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறோம். செயற்கைக்கோள் படங்களில் உலகின் 900-க்கும் மேற்பட்ட வெள்ளங்களைப் பார்த்ததில், 2000-க்கும் 2015-க்கும் இடையே வெள்ளம் பாய்ந்த பகுதிகளில் வாழ்வோர் எண்ணிக்கை 5.8 கோடி முதல் 8.6 கோடி வரை கூடியிருந்தது.

மழையே பெய்யாத இடத்தில் எப்படி வெள்ளம் வருகிறது?

மேலே பெய்தது கீழே வருகிறது, அவ்வளவுதான். ஆனால் பல நேரம் உயிரைப் பறிப்பது இதுதான். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில் துரிஸ் என்ற ஊரில் ஒரே நாளில் 771 மில்லிமீட்டர் கொட்டியது. கடலுக்கு அருகே உள்ள பைபோர்த்தாவில் அன்று பெரிய மழை கிடையாது. அதன் நடுவே ஓடுவது ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓடை. மாலையில் அது கரைபுரண்டு தெருக்களுக்குள் வந்தது. நாடெங்கும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சமவெளியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2022-இல் பாகிஸ்தானில் 3.3 கோடிப் பேரைப் பாதித்த வெள்ளம், சிந்து மாகாணத்தின் தட்டையான நிலத்தில் வடிய வழியில்லாமல் மாதக்கணக்கில் நின்றது. பத்திரிகையில் உச்ச மட்டத்தைப் போடுகிறார்கள். எத்தனை நாள் நின்றது என்பதைப் போட மறந்துவிடுகிறார்கள்.

பனிப்பாறை ஏரிகள் உடைவது இதில் சேருமா?

சேரும். ஆனால் ஜாதி வேறு. பனிப்பாறை பின்வாங்கும்போது விட்டுப்போன பள்ளத்தில் நீர் தேங்கும். அதைத் தடுத்து நிற்பது பனிப்பாறை கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும்தான். 1990 முதல் 2018 வரை இத்தகைய ஏரிகளில் தேங்கிய நீரின் கொள்ளளவு உலக அளவில் சுமார் 48 சதவீதம் கூடியது. 2023 அக்டோபர் தொடக்கத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரிக்குள் பக்கத்துச் சரிவு இடிந்து விழுந்தது. எழுந்த அலை கரையை உடைத்தது. கீழே சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அது அடித்துச் சென்றது. இங்கே மழைப் பதிவேட்டைப் புரட்டி ஒரு பயனும் இல்லை.

கடலோர ஆறுகளுக்குக் கூடுதல் ஆபத்து உண்டா?

உண்டு. 1901-க்கும் 2018-க்கும் இடையே கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வாசலே உயர்ந்துவிட்டால் ஆறு எப்படி வடியும்? ஓதமும், அதாவது கடல் ஏற்றமும், புயலும் சேர்ந்த நேரத்தில் ஆற்றிலும் வெள்ளம் வந்தால், கழிமுகத்தில் நீர் பின்வாங்கி ஊருக்குள் ஏறும்.

கரையை உயர்த்தினால் போதாதா?

"வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்" என்பது பழமொழி. கோலிய பிறகு என்ன நடக்கிறது என்பதை அது சொல்லவில்லை. கரை எழுந்ததும் அதன் பின்னால் இருக்கும் நிலம் பத்திரமானது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வீடு, பள்ளி, தொழிற்சாலை எல்லாம் வந்துவிடும். ஒரு நாள் கரை உடைந்தால் சேதம் முன்பைவிடப் பல மடங்கு.

நெதர்லாந்துக்காரர்கள் நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தியே வாழ்ந்தவர்கள். 1995-இல் நீர் மிரட்டியபோது இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு மனம் மாறினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விடும் வேலையைத் தொடங்கினார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிரே கரையை 350 மீட்டர் பின்னால் தள்ளி, நடுவே புதிதாக ஒரு கால்வாயே வெட்டினார்கள். அங்கிருந்த வீடுகளில் பலவற்றை இடிக்க வேண்டியிருந்தது, அதனால் எதிர்ப்பும் எழுந்தது. பணமும் நிலமும் பொறுமையும் உள்ள நாட்டால் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அணைகளுக்கும் இதே தலைவலி. எந்த மாதத்தில் எவ்வளவு இடத்தைக் காலியாக வைக்க வேண்டும் என்று பழைய பருவத்தை வைத்து அட்டவணை போட்டிருப்பார்கள். வெள்ளம் தேதி மாறி வரும்போது அணை நிறைந்திருக்கும். உபரி நீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஓர் ஆற்றின் போக்கு மாறுகிறதா என்று நானே பார்க்க முடியுமா?

பார்க்கலாம். ஒவ்வோர் ஆண்டின் உச்ச ஓட்டத்தையும் அது வந்த தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டாவது வேண்டும், ஐம்பது இருந்தால் நல்லது. அளவுக்கு ஒரு வரைபடம், தேதிக்கு ஒரு வரைபடம். மேலே எங்காவது அணை கட்டியிருந்தால் அந்த ஆண்டில் ஒரு நெடுக்குக் கோடு போடுங்கள்; அளவு நிலையத்தை இடம் மாற்றியிருந்தால் அங்கேயும் ஒன்று. பலருக்கு மாற்றமாகத் தெரிவது அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள வித்தியாசம்தான்.

பிறகு கடைசி ஆண்டை ஒரு விரலால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பெரிய வெள்ளம் வந்த கையோடுதான் எல்லோரும் இந்த வேலையில் இறங்குகிறோம். வரைபடத்தின் வலது ஓரத்தில் ஒரே ஒரு உயரமான புள்ளி இருந்தால், புள்ளிகளின் பொதுப் போக்கைக் காட்டும் கோடு தானாக மேலே ஏறிவிடும். விரலை வைத்த பிறகும் கோட்டில் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால் மேற்கொண்டு பேசலாம்.